எண் போட்டால் சரி, எக்ஸ் + 1 போட்டால் தப்பா?

மகளுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது, கணிதம் இல்லாத படிப்பாகப் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவெடுக்கும் முன் அவளுடைய விடைத்தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இருபடிச் சார்பில் (எக்ஸ்² வரை போகும், எக்ஸுக்கு ஒன்றைக் கொடுத்தால் ஒரு விடை தரும் சூத்திரம்) எக்ஸுக்கு 3 கொடுத்தால் சரியாகப் போட்டுவிடுகிறாள், எக்ஸ் + 1 கொடுத்தால் மட்டும் தடுமாறுகிறாள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் அது அடைப்புக்குறி போடாத பழக்கம்தான். திருத்திவிடலாம்.

சார்பு 2எக்ஸ்² − 3எக்ஸ் + 5 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் வரும் இடத்திலெல்லாம் அதை அழித்துவிட்டு வெறும் அடைப்புக்குறி போடச் சொல்லுங்கள்.

2(  )² − 3(  ) + 5

கொடுத்த கோவை (இங்கே எக்ஸ் + 1) எதுவானாலும் முழுசாக உள்ளே போக வேண்டும்.

2(எக்ஸ் + 1)² − 3(எக்ஸ் + 1) + 5

இனி விரிப்பதுதான் வேலை. பிள்ளைகள் வழுக்குவதும் இங்கேதான். (எக்ஸ் + 1)² என்பதை எக்ஸ்² + 1 என்று எழுதி, நடுவில் வரவேண்டிய 2எக்ஸை விட்டுவிடுவார்கள். அல்லது −3 எக்ஸை மட்டும் பெருக்கும், பக்கத்தில் இருக்கும் 1 அப்படியே நின்றுவிடும். இன்னும் சிலர் பழைய சார்போடு 1 கூட்டி முடித்துவிடுவார்கள். அது சார்பு என்றால் என்ன என்பதிலேயே வரும் குழப்பம், அதற்கு ஆசிரியர் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

சரியான விடை 2எக்ஸ்² + எக்ஸ் + 4. சரிபார்க்க எக்ஸுக்கு 1 போடட்டும்: 7 வரும். எக்ஸ் + 1 அப்போது 2 ஆகிறது, பழைய சார்பில் 2 போட்டாலும் 7 தான். இந்தச் சோதனையைத் தானே செய்யப் பழகிய பிள்ளை, விடை சரியா என்று யாரையும் கேட்டு நிற்காது.

இதில் இவ்வளவு நேரம் செலவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வகைநுண்கணிதம் தொடங்குவதே இந்தப் படியில்தான். எக்ஸ் இருக்கும் இடத்தில் எக்ஸ் + எச் (எச் என்பது ஒரு சிறிய மாற்றம்) பிரதியிட்டு, பழைய சார்பைக் கழித்தால் 4எக்ஸ்எச் + 2எச்² − 3எச் மிஞ்சும். எச்சால் வகுத்து, எச்சைப் பூஜ்யத்தை நோக்கிக் கொண்டுபோனால் 4எக்ஸ் − 3. பொறியியல், பொருளியல், தரவு அறிவியல் எதை எடுத்தாலும் மாறும் வேகத்தைக் கணக்கிடும் இந்த வேலை வரும். முதல் படி தடுமாறினால் நுண்கணிதமே புரியவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அந்த எண்ணத்தோடு படிப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்குக் கவலை.

கணிதமே பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால் அது வேறு விஷயம், அதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பிடித்திருந்தும் மதிப்பெண் குறைகிறது என்றால், படிப்பை மாற்றும் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இதே சார்பில் எக்ஸ் − 2, அப்புறம் 3எக்ஸ் கொடுத்துப் பாருங்கள். முதலாவதற்கு 2எக்ஸ்² − 11எக்ஸ் + 19, இரண்டாவதற்கு 18எக்ஸ்² − 9எக்ஸ் + 5 வர வேண்டும். 18 வரவேண்டிய இடத்தில் 6 இருந்தால், இன்னும் அடைப்புக்குறி போடாமலே எழுதுகிறாள் என்று அர்த்தம்.