திருட்டு வழக்கு: ஒப்புக்கொண்டு முடிப்பதா, எதிர்த்து நிற்பதா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. யாழ்ப்பாண நகருக்கு அருகே ஒரு வெல்டிங் வேலைத்தளத்தில் வேலை செய்தான். சம்பளப் பாக்கியால் முதலாளியுடன் வாக்குவாதம் வந்து வேலையை விட்டபோது, அங்குள்ள கிரைண்டர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுத்தான் கொண்டு வந்தான். அங்கு எல்லோரும் அப்படிக் கொண்டுபோவது வழக்கமாம். முதலாளி பொலிஸில் முறைப்பாடு செய்துவிட்டார். மகன் பிணையில் வந்திருக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வரும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். சட்டத்தரணி வைக்க எங்களிடம் வசதியில்லை. என்ன செய்வது?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அன்புள்ள அம்மா, சட்டத்தரணி ஒருவருடன் பேசுவதற்கு முன்னர் உங்கள் மகன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது. உறவினர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தண்டப்பணத்தோடு விடயம் முடியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. குற்றத்தீர்ப்பு என்பது பதிவாக நிற்கும், நாளை வெளிநாட்டு வேலைக்காகப் பொலிஸ் நற்சான்று கேட்கும்போது அது குறுக்கே வரும்.

தண்டனைச் சட்டக்கோவையின் 366 ஆம் பிரிவின்படி, ஒருவருடைய உடைமையிலுள்ள அசையும் பொருளை, அவருடைய சம்மதமின்றி, நேர்மையீனமாக எடுக்கும் எண்ணத்தோடு நகர்த்தினால்தான் அது திருட்டு. பொருள் வீட்டில் இருந்தது என்பது மட்டும் போதாது. அதே பிரிவின் விளக்கத்தில், சம்மதம் வாயால் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதாகவும் இருக்கலாம், நடைமுறையிலிருந்து உணரப்படுவதாகவும் இருக்கலாம் என்றும், உடைமையாளர் மட்டுமன்றி அதற்கு அதிகாரமுள்ள வேறொருவரும் அதைக் கொடுக்கலாம் என்றும் கூறப்பட்டுள்ளது. ஆகவே கருவிகளைக் கொண்டுபோக அனுமதிக்கும் அதிகாரம் மேற்பார்வையாளருக்கு இருந்ததா, மற்றத் தொழிலாளர்களும் முதலாளி அறியக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்களா என்பவையே இந்த வழக்கின் உயிர்நாடி. மேற்பார்வையாளருடன் பரிமாறிய வட்ஸ்அப் செய்திகளும் குரல்பதிவுகளும் இருந்தால் ஒன்றையும் அழிக்காமல் வேறிடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். கிரைண்டரை எந்த நாளில், எந்த வேலைக்காகக் கொண்டு வந்தான், அப்போது யார் பார்த்தார்கள் என்பதை ஞாபகம் மங்குவதற்குள் மகனே தன் கையால் எழுதி வைக்கட்டும்.

திருட்டுப்போன பொருளைச் சிறிது காலத்துக்குள் ஒருவர் வைத்திருந்து, அதற்குக் காரணம் சொல்லாவிட்டால், அவரைத் திருடனாகவோ திருட்டுப்பொருளை ஏற்றவராகவோ நீதிமன்றம் ஊகிக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. ஆகையால் மகனுடைய விளக்கம் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருக்க வேண்டும். பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலத்தில் என்ன எழுதப்பட்டது, அது அவனுக்குப் புரிந்த மொழியில் வாசித்துக் காட்டப்பட்டதா, சிங்களத்தில் எழுதியதில் விளங்காமல் கையெழுத்திட்டானா என்பதையெல்லாம் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லட்டும். பயத்தில் 'நான்தான் எடுத்தேன்' என்று சொல்லியிருந்தாலும் மனம் தளர வேண்டாம்: பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க அச்சட்டத்தின் 25 ஆம் பிரிவு இடமளிப்பதில்லை.

தண்டனையைப் பொறுத்தவரை, சாதாரண திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரையும், வேலையாள் தன் முதலாளியின் பொருளைத் திருடினால் 370 ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரையும் சிறை விதிக்கலாம். இவை உச்ச வரம்புகளே. ஆயினும் எந்தப் பிரிவின் கீழ் வழக்கு என்பதை முதலில் அறிய வேண்டும்.

முதலாளியையோ மேற்பார்வையாளரையோ நீங்களோ மகனோ நேரில் சந்தித்துக் கெஞ்சவும் வேண்டாம், வாதிடவும் வேண்டாம். சாட்சிகளில் தலையிட்டதாகச் சொல்லப்பட்டால் பிணையே கேள்விக்குறியாகிவிடும். சமரசப் பேச்சு வருமானால் அது சட்டத்தரணி மூலமாகவே வரட்டும். சம்பளப் பாக்கிக்குத் தொழில் திணைக்களத்தில் தனியாக முறைப்பாடு செய்யலாம்.

வசதியில்லை என்பதற்காகத் தனியே நிற்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரை, குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லும் உரிமையைத் தருகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவவென்றே 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு இந்த வாரமே மகனையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். தேசிய அடையாள அட்டை, பிணைப் பத்திரங்கள், வழக்கு இலக்கம், கிராம அலுவலரின் வருமானக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். தவணைக்கு முன்னர் சட்டத்தரணி அமையாவிட்டாலும் மகன் கட்டாயம் நீதிமன்றம் செல்ல வேண்டும். செல்லாவிட்டால் பிடியாணை பிறப்பிக்கப்படலாம். குற்றச்சாட்டை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்கும்போது, சட்டத்தரணியை அமர்த்த அவகாசம் தருமாறு அவன் நீதவானிடம் தமிழிலேயே பணிவாகக் கேட்கலாம்.