நூலகக் கவுன்டரும் நோட்டும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வழங்கல் மென்பொருள் எழுதுவது என் இறுதியாண்டு புராஜெக்ட். நூலகரிடம் நாற்பது கேள்விகள் கேட்டுத்தான் செய்தேன். ஆனாலும் ஊழியர்கள் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கே கோட்டை விட்டேன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த நோட்டை முதலில் வாங்கிப் படியுங்கள். கார்டு மறந்து வந்தவர், அபராதத்தில் சில்லறை பாக்கி, 'போன மாசமே கொடுத்துட்டேனே' என்று சாதிப்பவர்: உங்கள் மென்பொருளில் இடம் கிடைக்காததெல்லாம் அதில் இருக்கும். கேள்வி கேட்டால் நூலகர் விதிகளைத்தான் சொல்வார். இதையெல்லாம் அவர் சொல்லத் தகுந்த விஷயமாகவே நினைத்திருக்க மாட்டார்.

புத்தகம் கொடுப்பது சுலபம். திரும்ப வாங்குவதில்தான் சிக்கல். மதிய இடைவேளைக் கூட்டத்தில் கவுன்டருக்குப் பின்னால் நின்று பாருங்கள். ஸ்கேன் செய்யும்போது ஊழியரின் கண் திரையில் இருக்காது, அடுத்த புத்தகத்தில் இருக்கும். காதில் விழும் 'பீப்'தான் அவருக்குச் சாட்சி. அந்த பீப்போ ஸ்கேனருடையது. மென்பொருள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் ஒலிக்கும்.

பெரும்பாலான ஸ்கேனர்கள் கணினிக்கு ஒரு கீபோர்டு மாதிரி. எண்ணை அனுப்பிவிட்டுக் கடைசியில் 'என்டர்' தட்டும். 'இந்நூல் முன்பதிவில் உள்ளது' என்று நீங்கள் திரையில் ஒரு பெட்டியை நிறுத்தினால், அடுத்த புத்தகத்தின் என்டர் அதை மூடிவிடும். அந்தப் புத்தகத்தின் எண்ணும் பதிவாகாது. முன்பதிவு நூல் அலமாரிக்குப் போய்விடும். அடுத்த நூல் கணக்கில் திரும்பாமலே நிற்கும். அதன் மாணவருக்கு அபராத நோட்டீஸ் போகும். நோட்டில் 'கொடுத்துட்டேனே' என்பவர்களில் சிலராவது இவர்கள்தான். பெட்டியே வேண்டாம். திருப்பியவற்றின் பட்டியலில் அந்த வரியின் நிறத்தை மாற்றி, தனி ஒலி கொடுங்கள். முன்பதிவுச் சீட்டு தானாக அச்சாகட்டும்.

விடுமுறையில், நூல் திருப்பும் பெட்டிக்குள் போட்ட நூல்களுக்கு, நூலகம் கடைசியாகத் திறந்திருந்த நாளே திருப்பிய தேதி ஆக வேண்டும். கோஹா என்ற நூலக மென்பொருளில் இதற்கு 'புக் டிராப்' என்று தனி முறையே உண்டு. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகங்களுக்காக 1999-இல் எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. இலவசமாக நிறுவிப் பார்க்கலாம்.

மின்வெட்டில் நோட்டில் எழுதியதைப் பின்னர் ஏற்றும்போது நேரமும் பதிவாக வேண்டும். 11 மணிக்குத் திரும்பி, 11.30-க்கு வேறொருவர் எடுத்த நூலை வரிசை மாற்றி ஏற்றினால், அவர் கையில் நூல் இருக்கும், கணக்கில் இருக்காது.

அபராதத் தள்ளுபடிக்குக் காரணம் கேளுங்கள். ஆனால் நாலைந்து காரணங்களை நீங்களே பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள். தட்டச்சு செய்யச் சொன்னால் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.