"யாரும் இல்லடா" என்று சொல்லாதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. மூன்று மாதமாகக் காதில் யாரோ பேசுவதாகச் சொல்கிறான், தனியாகப் பதிலும் பேசுகிறான். "அங்க யாரும் இல்லடா" என்றால் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறான். என்ன செய்வது?

பதில்: அந்த வாக்கியத்தை முதலில் விட்டுவிடுங்கள். அவன் கற்பனை செய்யவில்லை. நீங்கள் பேசுவது கேட்பதைப் போலத்தான் அதுவும் அவனுக்குக் கேட்கிறது. "எனக்குக் கேட்கல, ஆனா உனக்குக் கேட்குதுன்னு நம்புறேன். என்னடா சொல்லுது?" என்று கேளுங்கள்.

எனக்கு அந்தப் பதில் வேண்டும், குரல் எப்படிப் பேசுகிறது என்பது காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும். இரண்டு பேர் அவனைப் பற்றிப் பேசிக்கொள்வது, அவன் செய்வதையெல்லாம் ஒருவர் வர்ணிப்பது, இவை மனச்சிதைவு நோயில் அதிகம். கடும் மனச்சோர்வில் "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று திட்டும். குடியைத் திடீரென்று நிறுத்தியவருக்கும் ஓரிரு நாளில் குரல் கேட்கலாம். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருப்பது நோயே அல்ல. இறந்த அம்மாவின் குரல் எப்போதாவது கேட்பதும் அப்படித்தான்.

குரல் அன்பாகவும் பேசலாம். மானுடவியலாளர் டான்யா லுர்மன் குழுவினர் சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் கலிபோர்னியா மூன்றிலும் தலா 20 நோயாளிகளிடம் பேசி 2015-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சென்னையில் 11 பேருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். குளி, சமை, வீட்டைக் கூட்டு என்று மாமியாரோ அக்காவோ சொல்வது போல. கலிபோர்னியாவில் பலருக்கு வெட்டு, குத்து என்ற பேச்சு. அன்பான குரல் கேட்டவர்களும் நோயாளிகள்தான், அதனால் "நல்லதுதானே சொல்லுது" என்றும் இருந்துவிடாதீர்கள்.

மூன்று மாதம் ஆகிவிட்டது, இந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மந்திரிக்கப் பெரியவர்கள் சொன்னால் அதையும் செய்யுங்கள், ஆனால் அதற்காக மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டாம். மாத்திரையில் பலருக்குச் சில வாரங்களில் குரல் தணியும். சிலருக்கு மெலிதாகத் தொடரும், அப்போது பாட்டை முணுமுணுப்பது, ஹெட்போனில் பாட்டுக் கேட்பது கைகொடுக்கும். தணிந்ததும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"செத்துப்போ", "அவனை அடி" என்று குரல் சொன்னால் மட்டும் காத்திருக்கவே கூடாது. அவனைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நடுராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.