முள்ளோடைக்கு இப்பாலா, அப்பாலா?

கேள்வி: நாங்கள் ரெட்டிச்சாவடி அருகே குடியிருக்கிறோம். கணவருக்குக் கன்னியக்கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. மகள் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கட்டணம், வேன், புத்தகம் என்று கட்டி மாளவில்லை. அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்றால் மாமியார் முகம் சுளிக்கிறார். புதுவையைச் சேர்ந்த பாகூரில் இருக்கும் நாத்தனார், “எங்கள் அரசுப் பள்ளியிலேயே சிபிஎஸ்இ வந்துவிட்டது, இங்கே சேர்த்துவிடு” என்கிறார். பழைய பள்ளியோ, பாக்கியைக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் என்கிறது. மகன் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்து 312 மதிப்பெண் எடுத்திருக்கிறான். அவனை எதில் சேர்ப்பது?

பதில்: முதலில் உங்கள் நாத்தனாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பின்னால் திருத்த முடியாத தவறு நேரக்கூடிய இடம் அதுதான்.

உங்கள் ஊரில் பஸ் ஏறி வடக்கே போகிறவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மாநிலம் மாறியதே தெரியாது. முள்ளோடையில் மதுக்கடைப் பலகைகள் வரிசையாகத் தென்படும்போதுதான் புதுவைக்குள் வந்துவிட்டோம் என்று உறைக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும், வயல் வேலைக்குப் போவதும், ஆஸ்பத்திரிக்குப் போவதும் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. கல்விச் சலுகைகளுக்கு மட்டும் அது மதில்போல நிற்கிறது.

தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இந்தக் கணக்கில் வரும். அரசு உதவிபெறும் பள்ளி வராது. பெயரில் ‘அரசு’ இருப்பதை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. நீங்கள் கட்டணம் கட்டிப் படிக்கவைத்ததால் அது உங்களுக்குப் பொருந்தாது.

நான் தலைமையாசிரியராக ஓய்வுபெறும் முன் ஒரு மாணவி பொறியியல் கலந்தாய்வுக்கான விவரத்தாளோடு என் மேசைக்கு வந்தாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்று நிரப்ப ஏழு வரிகள். ஆறு வரிகளில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. ஏழாம் வகுப்புக்கான வரியில் மட்டும் புதுவை அரசுப் பள்ளி ஒன்றின் பெயர். அப்பாவுக்கு அந்த ஓராண்டு அங்கே வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு போயிருந்தார்கள். “அதுவும் அரசுப் பள்ளிதானே ஐயா?” என்று கேட்டாள். அரசுப் பள்ளிதான், ஆனால் அது வேறு அரசு. நான் கையெழுத்துப் போட முடியவில்லை. அந்தப் பெண் நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

புதுவைப் பள்ளிகள் மட்டமென்று சொல்வதாக நாத்தனார் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே அரசுப் பள்ளிகள் 2024-25இல் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன என்பது உண்மை. மருத்துவத்தில் தங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 விழுக்காடு உள்ஒதுக்கீட்டையும் அவர்கள் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அதை அனுபவிக்கப் புதுவைக் குடியிருப்புச் சான்று வேண்டும். ரெட்டிச்சாவடி ரேஷன் கார்டோடு பாகூரில் படித்தால், பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது மகள் அந்தப் பக்கத்துச் சலுகைக்கும் ஆகாமல் இந்தப் பக்கத்துச் சலுகைக்கும் ஆகாமல் நிற்பாள். நீங்கள் குடும்பத்தோடு அங்கே குடிபெயரப் போவதில்லை என்றால், பேச்சு இதோடு முடிந்தது. தமிழ்நாட்டுப் பக்கமே சேருங்கள்; அதுவும் இந்த ஆண்டே, ஆறாம் வகுப்பிலேயே. “இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்” என்று ஆறாம் வகுப்பைத் தனியார் பள்ளியில் முடித்தால் அந்த ஏழு வரிகளில் முதல் வரியே போய்விடும்.

உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்க்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆறிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் உங்கள் மகனுக்கு அது உண்டு.

ஆங்கில வழியா, தமிழ் வழியா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சேர்க்கையன்று கேட்பார்கள். மேலே சொன்ன ஒதுக்கீட்டுக்கு வழி எதுவானாலும் ஒன்றுதான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது, ஆனால் அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழிச் சான்று கேட்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. ஆகவே அவளுக்கு எதில் பாடம் புரிகிறதோ அதில் சேருங்கள். கணக்கையும் அறிவியலையும் அவள் தமிழில்தான் யோசிக்கிறாள் என்று தெரிந்தால் தயங்காமல் தமிழ் வழிக்கு மாற்றலாம். ஆறாம் வகுப்பில் மாறுவது எளிது; பிளஸ் 1இல் மாறுவது கொடுமை.

இனி, எந்தப் பள்ளி. ஒதுக்கீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 7.5 விழுக்காட்டில் மருத்துவ இடம் பெறவும் நீட் எழுதித் தேற வேண்டும். அதற்கு யாராவது இயற்பியல் சொல்லித்தந்திருக்க வேண்டும். மகள் ஆறில் சேர்ந்தாலும் நீங்கள் விசாரிக்க வேண்டியது பிளஸ் 2வைப் பற்றி. அது மேல்நிலைப் பள்ளியா, பத்தோடு நின்றுவிடும் உயர்நிலைப் பள்ளியா? கணிதம், உயிரியல் சேர்ந்த பிரிவு உண்டா? இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நிரந்தர முதுகலை ஆசிரியர்கள் இருக்கிறார்களா, அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆசிரியர்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாரா? தலைமையாசிரியரிடம் நேராகவே கேளுங்கள். அவருக்குக் கோபம் வராது. இதையெல்லாம் யாரும் கேட்பதில்லையே என்ற ஏக்கத்தில்தான் எங்களில் பலர் ஓய்வுபெற்றோம்.

கேட்டால் மட்டும் போதாது, போய்ப் பாருங்கள். சேர்க்கை நாளன்று போனால் தோரணம்தான் தெரியும். ஜூன் வரை பொறுக்க முடிந்தால், பள்ளி திறந்த பிறகு ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குப் போங்கள். மாணவியர் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே குழாயில் தண்ணீர் வருகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் பல பள்ளிகளில் அந்தத் தாழ்ப்பாள்தான். ஆய்வகப் பூட்டைப் பாருங்கள். தினமும் திறக்கிற பூட்டில் சாவி நுழையும் இடம் பளபளக்கும். பொதுத்தேர்வுக்கு முன் மட்டும் திறக்கிற பூட்டில் துரு இருக்கும். மத்தியானம் சத்துணவு நேரம்வரை இருக்க முடிந்தால் இருங்கள். ஆசிரியர்கள் வரிசைப் பக்கம் வருகிறார்களா, அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறார்களா என்பதில் பள்ளியின் குணம் பாதி தெரிந்துவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் பாடப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். திக்காமல் வாசித்தால் மாமியாரை அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தீர்மான நோட்டில் “தாழ்ப்பாள் இல்லை” என்று எழுதிக் கையெழுத்தாகிவிட்டால் அதற்குத் தனி வலு வந்துவிடும். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை மகள் கட்டாயம் எழுத வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். தனியார் பள்ளியில் இருந்திருந்தால் இந்தத் தேர்வை எழுதவே முடியாது.

மாற்றுச் சான்றிதழ் விஷயத்தில் நீங்கள் பயப்பட ஒன்றுமே இல்லை. சான்றிதழ் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கி பாக்கிதான், அதை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு வழிகள் உண்டு. பிள்ளையின் காகிதத்தை அடகு பிடித்துவைக்க முடியாது, அவ்வளவுதான். நடைமுறையில் சிக்கல் எமிஸ் எண்ணில், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்ணில் வரும். பழைய பள்ளி மகளின் எண்ணைக் கணினியில் விடுவித்தால்தான் புதிய பள்ளி அவளைத் தன் பட்டியலில் ஏற்ற முடியும். விடுவிக்காமல் இழுத்தடித்தால் புதிய பள்ளித் தலைமையாசிரியர் மூலம் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417க்கும் பேசுங்கள். வாய்ச்சண்டைக்குப் போகாதீர்கள். விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் என்றதும் ஒன்று. நம் பக்கத்தில் சான்றிதழ்களுக்கு எதிரி புயல்தான். 2011இல் தானே புயல் அடித்தபோதும், 2024 டிசம்பரில் புயல் மழையால் தென்பெண்ணை ஆறு ஊருக்குள் புகுந்தபோதும் நனைந்த சான்றிதழ்களை வெயிலில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகளைப் பார்த்தேன். சாதிச் சான்று, பிறப்புச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். கட்டிலுக்கடியில் இருக்கிற டிரங்குப் பெட்டி வேண்டாம்.

மகனுடைய 312இல் கணக்குக்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அம்மா. எல்லாம் அதைப் பொறுத்திருக்கிறது. கணக்கிலும் அறிவியலிலும் 65, 70 தேறியிருந்து, அவனுக்கும் பொறியியலில் ஆசை இருந்தால் அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே பிளஸ் 1 சேருங்கள். ஆறிலிருந்து அரசுப் பள்ளிதான் என்றால் ஏழு வரிகளில் ஐந்து நிரம்பிவிட்டன, இன்னும் இரண்டுதான். டிப்ளமோ முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது. ஆனால் பத்தோடு பாலிடெக்னிக்குக்குப் போனால் அந்த வரிகள் ஐந்தோடு நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கணக்கு ஐம்பதைத் தொடவில்லை, ஆனால் வீட்டில் மிக்சி கெட்டுப்போனால் பிரித்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிற பையன் என்றால், அவனைக் கணிதப் பிரிவில் தள்ளி இரண்டு ஆண்டு நோகடிக்காதீர்கள். அரசு ஐடிஐயில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இரண்டு ஆண்டு. பயிற்சிக் கட்டணம் இல்லை. தமிழ்ப் புதல்வன் பணமும் வரும். ஐடிஐ என்றாலே மாமியார் வீட்டில் மறுபடி முகம் சுளிப்பார்கள், தெரியும். பழைய பட்டறையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 71 அரசு ஐடிஐகளில் டாட்டா டெக்னாலஜிஸ் துணையோடு புதிய இயந்திரங்கள் இறக்கப்பட்டிருக்கின்றன. முடித்தவன் நெய்வேலி என்எல்சியில் தொழில் பழகுநராக விண்ணப்பிக்கலாம். பிறகு விரும்பினால் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். சேர்க்கும்போது ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்தப் பிரிவுக்கு என்சிவிடி எனும் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவின் அங்கீகாரம் இருக்க வேண்டும். அது நாடு முழுவதும் செல்லும் சான்று. அதற்கு முள்ளோடை எல்லை கிடையாது. கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே பழகுநர்களை எடுக்கிறார்களா என்று இன்று இரவே அவரைக் கேட்டுவையுங்கள்.