கறையை அழித்தால் சுழி வருகிறது: 360 டிகிரி படத்தை எப்படித் திருத்துவது?

கேள்வி: ஒரு பெரிய கூடத்தை 360 டிகிரி கேமராவில் எடுத்தேன். கூரை உச்சியில் இருந்த கறையையும் கீழே தெரிந்த டிரைபாடையும் (கேமராவைத் தாங்கும் முக்காலி) குளோன் ஸ்டாம்ப் (ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் பிரஷ்) வைத்து அழித்தேன். கணினித் திரையில் சுத்தமாக இருக்கிறது. விஆர் ஹெட்செட்டில் அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி ஒரு சுழி. பின்னால் திரும்பினால் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடு. எங்கே தப்பு செய்தேன்?

பதில்: திரையில் நீங்கள் திருத்தியது, ஓர் உருண்டையை உரித்துத் தட்டையாக விரித்த படம். ஈக்விரெக்டாங்குலர் என்பார்கள்; உயரத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம் இருக்கும். உலக வரைபடத்தில் துருவப் பகுதிகள் அகன்று தெரியுமே, அதே கதைதான் இங்கும். கண்மட்டத்தில் இருப்பவை ஏறத்தாழ உள்ளபடி இருக்கும். 60 டிகிரி மேலே போனால் பக்கவாட்டில் இரண்டு மடங்கு இழுபடும். 80 டிகிரியில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. உச்சியில் கேட்கவே வேண்டாம். படம் 8000 பிக்சல் அகலம் என்றால், மேல் வரிசையின் அத்தனை பிக்சலும் தலைக்கு நேர்மேலே இருக்கும் ஒரே புள்ளிதான். அந்த வரிசையில் பிரஷ் ஓரிடத்தில் கொஞ்சம் வெளுப்பையும் இன்னோரிடத்தில் கொஞ்சம் மங்கலையும் விட்டுப்போனால், உருண்டையாகச் சுற்றும்போது அவையெல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றி ஆரம் ஆரமாக நெருக்கிக்கொண்டு நிற்கும். நீங்கள் பார்த்த நட்சத்திரம் அதுதான்.

ஆகவே உச்சியிலும் அடியிலும் தட்டைப் படத்தின்மேல் பிரஷ் வைக்காதீர்கள். அந்த இடத்தை மட்டும் சாதாரண கேமரா பார்ப்பது போன்ற காட்சியாகப் பிரித்தெடுத்துத் திருத்தி, திரும்ப ஒட்ட வேண்டும். படம் திருத்தும் மென்பொருளான அஃபினிட்டி போட்டோவில் இதற்கென்றே லைவ் புரொஜெக்ஷன் இருக்கிறது: படத்தைச் சுழற்றிக் கூரையை எதிரே கொண்டுவந்து அங்கேயே வேலை செய்யலாம். 360 டிகிரி படங்களுக்கான பானோ2விஆர் மென்பொருளில், ஓரிடத்தை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்தி ஒட்டும் பேட்ச் வசதி உண்டு. பனோரமா ஒட்டும் இலவச மென்பொருளான ஹியூகினும் போதும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். உருண்டையை ஆறு முகக் கனசதுரமாக, அதாவது ஆறு சதுரப் படங்களாகப் பிரிப்பதானால், ஒரு முகத்தின் அகலம் மூலப்பட அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். 8000 பிக்சலுக்கு 2550 அளவு. அதைவிடச் சிறிதானால் நுணுக்கம் போகும்.

ஒட்டும்போதுதான் பலர் சறுக்குவார்கள். பிரித்து ஒட்டும் ஒவ்வொரு முறையும் படம் லேசாக மழுங்கும். முழு முகத்தையும் அப்படியே திரும்ப ஒட்டினால் கூரை முழுதும் மங்கலாகி, சுவரோடு சேரும் இடத்தில் வித்தியாசம் தெரியும். திருத்தத்தைப் படத்தின்மேல் வைக்கும் தனி லேயரில் (அடுக்கு), காலி லேயரில், செய்யுங்கள். திரும்பப் போவது அந்தத் திட்டு மட்டும்.

டிரைபாடுக்கும் இதே வழிதான். நேர்மேலிருந்து பார்க்கும் காட்சியில் தரை ஓடுகளின் இடுக்குக் கோடுகள் நேராக வந்துவிடுவதால், கோட்டின்மேலேயே மூலப்புள்ளி (நகலெடுக்கும் இடம்) எடுத்துக் கோட்டோடு நகர்ந்தால் வேலை சுலபம். தட்டைப் படத்தில் அதே கோடுகள் வளைந்து நெளிந்து கிடக்கும். எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் பொருத்த முடியாது. டிரைபாடை அழித்தவர்கள் அதன் நிழலை மறந்துவிடுவதும் உண்டு. சொந்தக்காரன் இல்லாத நிழல் ஹெட்செட்டில் உடனே கண்ணில் படும். கண்ணாடி இருந்தால் அதற்குள்ளும் ஒரு பார்வை பாருங்கள்.

சரி, பின்னால் திரும்பினால் தெரிந்த அந்தக் கோடு. உருண்டையாகச் சுற்றும்போது இடது விளிம்பும் வலது விளிம்பும் பக்கத்துப் பக்கத்து இடங்கள் என்பது திருத்தும் மென்பொருளுக்குத் தெரியாது. கூர்மை, கிளாரிட்டி, இரைச்சல் நீக்கம் எல்லாமே சுற்றியுள்ள பிக்சல்களைப் பார்த்துத்தான் கணக்குப் போடும்; விளிம்பில் மறுபக்கம் கிடைக்காததால் இரண்டு ஓரமும் வெவ்வேறாகப் போய்விடும். சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து கறையை மறைக்கும் ஹீலிங் பிரஷை ஓரத்தில் வைத்தாலும் இதே வம்பு. வழி எளிது. ஆஃப்செட் கட்டளையில் படத்தைப் பாதி அகலம் நகர்த்துங்கள். வெளியே போவது மறுபக்கம் சுற்றி வரும்படி தேர்வு செய்யுங்கள். கோடு நடுவில் வந்து நிற்கும். அழித்துவிட்டு மறுபடி பாதி நகர்த்தினால் படம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும் பிரஷால் தீர்க்க நினைக்க வேண்டாம். பல படங்களை ஒட்டிச் செய்த பனோரமாவில் ஒரே மாதிரிப் பொட்டு சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அது கேமரா சென்சாரில் இருக்கும் தூசி. ஒட்டுவதற்கு முன் மூலப்படங்களில் ஒரே அமைப்பில் நீக்கிவிடுங்கள். கதவுச் சட்டம் உடைந்தது போல விலகியிருந்தால் அது ஒட்டுப் பிழை; மறுபடி ஒட்டுவதுதான் குறைந்த வேலை. இரு கண்ணுக்கும் தனித்தனிப் படமுள்ள ஸ்டீரியோ விஆர் என்றால் இரண்டிலும் ஒரே இடத்தைத் திருத்த வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் கறை போனால் அந்த இடம் மினுமினுத்துக் கண்ணை உறுத்தும்.

சேமித்த பிறகு ஹெட்செட்டில் வெறும் நீளப் பட்டையாகத் திறந்தால் பதற வேண்டாம். 360 டிகிரி படம் என்று சொல்லும் மெட்டாடேட்டாவை (கோப்புக்குள் இருக்கும் குறிப்புகள்) திருத்தும் மென்பொருள் தின்றிருக்கும். மெட்டாடேட்டாவைப் படிக்கவும் மாற்றவும் உதவும் எக்ஸிஃப்டூல் மென்பொருளில் மூலக் கோப்பிலிருந்து அதைப் புதியதற்கு நகலெடுத்துவிடலாம். அதனால் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.