அட்டையை யார் போட்டது?

ஓவியம், வடிவமைப்பு மாதிரியான படைப்புத் துறையில் இருக்கும் பெண்கள் தங்கள் வேலையில் கற்ற பாடங்கள் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 16 வருடமாகப் புத்தகங்களுக்கு அட்டைப்படம் போடுகிறேன். எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

வேலையை நன்றாகச் செய்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நம்பித்தான் இந்தத் துறைக்கு வந்தேன். வாய்விட்டுக் கேட்பது நல்ல பிள்ளைக்கு அழகில்லை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவள். முதல் ஐந்தாறு வருடத்தில் எனக்கு வந்த நஷ்டங்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்த நம்பிக்கைதான் இருக்கும்.

ஒரு நாவலின் வெளியீட்டு விழா. நான் வரைந்த அட்டையை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மேடைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். பேசியவர்களில் மூன்று பேர் அந்த அட்டையைத் தனியாகக் குறிப்பிட்டார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த வாசகர் ஒருவர் பதிப்பகத்து ஆளிடம், "அட்டையை யார் போட்டது?" என்று கேட்டார். "எங்க டீம்தான் சார்" என்று பதில் வந்தது. நான் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தில் பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அச்சகத்தின் பெயர் இருந்தது. மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. கோபத்தில் பழைய மின்னஞ்சல்களை எடுத்து ஒன்றுவிடாமல் படித்தேன், நாற்பதுக்கு மேல் இருக்கும். நிறம் பேசியிருக்கிறோம், அளவு பேசியிருக்கிறோம், தேதி பேசியிருக்கிறோம். என் பெயரைப் போடுங்கள் என்று ஒரு இடத்தில்கூட நான் எழுதவில்லை. அவர்கள் செய்தது தப்புதான். ஆனால் நானும் கேட்கவில்லை என்பது அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

அதற்குப் பிறகு எந்த வேலையாக இருந்தாலும் முதல் மின்னஞ்சலிலேயே ஒரு வரி போய்விடும்: "பதிப்புரிமைப் பக்கத்தில் 'அட்டை ஓவியம்' என்று என் பெயர் வர வேண்டும்." மறுத்தவர்கள் மிகக் குறைவு. பலர், "ஆமாம், போட வேண்டியதுதானே" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். இது அவர்கள் தரும் சலுகையும் இல்லை. இந்தப் படைப்பு என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, படைப்பாளிகளின் உரிமைக்காக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையில் 1928-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

முன்கூட்டியே கேளுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் திருத்துவது பெரிய பெயர் உள்ளவர்களுக்கே முடிவதில்லை. கட்டடக் கலைஞர் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் அவர் கணவர் ராபர்ட் வென்டூரியும் ஒரே அலுவலகத்தில் பல வருடம் சேர்ந்து வேலை செய்தவர்கள், சேர்ந்து புத்தகம் எழுதியவர்கள். 1991-ல் கட்டடக் கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு வென்டூரிக்கு மட்டும் போனது. 2013-ல் ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டும் பரிசுக் குழு அதை மாற்றவில்லை.

அடுத்தது பணம். "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், "நீங்களே பார்த்துக் கொடுங்க" என்பேன். தைரியம் வந்து தொகையைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் இரண்டு விநாடி பேசாமல் இருந்தால் போதும், "கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று நானே ஆரம்பித்துவிடுவேன். அவர் கேட்கவே இல்லை. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். இப்போது தொகையை எழுத்தில் அனுப்பிவிடுகிறேன். கூடவே எத்தனை ஸ்கெட்ச் தருவேன், எத்தனை முறை திருத்துவேன், வேலை பாதியில் நின்றால் எவ்வளவு தர வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். முக்கியமாக, படத்தை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது. அச்சுப் புத்தகத்துக்கு வாங்கிய படம் மின்நூலில், சுவரொட்டியில், மொழிபெயர்ப்புப் பதிப்பில் எல்லாம் வரும். ஒவ்வொன்றும் தனிப் பயன்பாடு. வரைய எடுத்த மணிநேரத்தை மட்டும் கணக்குப் போட்டு விலை சொன்ன காலத்தில் இது எனக்கு உறைக்கவே இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். நான் அதிகமாகக் கற்றது இங்கேதான்.

ஒரு படகோட்டியைப் பற்றிய நாவல். அட்டை முழுக்க ஆறு, கீழே ஓரத்தில் சின்னதாக ஒரு படகு, மேலே தலைப்பு. ஸ்கெட்ச் பார்த்த ஆசிரியர், "படகைப் பெரிசாக்குங்க" என்றார். முந்தைய நானாக இருந்தால் இரண்டில் ஒன்று செய்திருப்பேன்: மனசுக்குள் அழுதுகொண்டே பெரிதாக்கியிருப்பேன், அல்லது ராத்திரி முழுக்கப் பொருமிவிட்டு அப்புறம் பெரிதாக்கியிருப்பேன். அன்று, "பார்க்கும்போது என்ன குறையுதுன்னு தோணுது?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கண்ணு எங்கேயும் நிக்க மாட்டேங்குது" என்றார். அட்டையைக் கைபேசித் திரையில் கட்டைவிரல் நகமளவுக்குச் சுருக்கிப் பார்த்தோம். தலைப்பே படிக்க முடியவில்லை. கரும்பச்சைத் தண்ணீர் மேல் அடர்நீல எழுத்து. பிரச்சினை படகில் இல்லை. எழுத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீரை விடியற்கால வெளுப்புக்குக் கொண்டுவந்தேன். தலைப்பு எழுந்து நின்றது. படகு இருந்த அளவிலேயே இருந்தது, அவரும் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

ஒருவர் "இதை மாற்றுங்க" என்னும்போது அவர் சொல்லும் தீர்வு தப்பாக இருக்கலாம், ஆனால் ஏதோ உறுத்துகிறது என்பது பெரும்பாலும் உண்மை. அது என்ன என்று கேட்டு வாங்குவது நம் வேலை. அதேபோல நாம் வைத்ததற்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். பிரிட்டனில் 1965-ல் புதிய சாலைக் குறியீடுகள் வந்தபோது அவற்றில் பலவற்றின் படங்களை வரைந்தவர் மார்கரெட் கால்வெர்ட். பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடத்துக்கான பழைய பலகையில் தொப்பி போட்ட பையன் முன்னால் போவான், சின்னப் பெண் பின்னால் வருவாள். கால்வெர்ட் அதைத் திருப்பிப்போட்டார்: சின்னப் பையனைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறாள் ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குத் தன் சிறுவயதுப் புகைப்படத்தையே மாதிரியாக எடுத்துக்கொண்டார். இதைப் படித்த நாளிலிருந்து, அட்டையில் ஓர் உருவத்தை வைக்குமுன் யார் முன்னால் நிற்கிறார், ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அச்சகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழில்நுட்பம் பேச வேண்டுமென்றால், "உங்க பக்கம் வேற யாராவது இருக்காங்களா?" என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். வேறு ஆண் இருக்கிறாரா என்று அர்த்தம். அதனாலேயே அச்சகம் பக்கம் போகாமல் ஃபைலை அனுப்பிவிட்டு ஒதுங்கியிருந்தேன். ஒரு முறை கருநீலப் பின்னணியில் எழுத்தாளர் பெயரை மெல்லிய வெள்ளை எழுத்தில் வைத்தேன். அச்சாகி வந்தபோது பாதி எழுத்து அடைத்துப்போயிருந்தது. நேரில் போனேன். மெஷின் ஓட்டும் பெரியவர் என் கையில் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று, வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்பு மட்டும் மயிரிழை நகர்ந்து உள்ளே வந்திருந்தது. "நாலு கலர் மேல இவ்வளவு மெல்லிசா வெள்ளை விட்டா அடைச்சுக்கும்மா. முன்னாடியே ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அவரிடம் அன்று இரண்டு மணிநேரம் கேட்டுக்கொண்டே நின்றேன். திரையில் மின்னும் நீலம் ஏன் அச்சில் மங்குகிறது, எந்தக் காகிதம் மையை எவ்வளவு குடிக்கும், புத்தக முதுகின் அகலத்தை எப்படிக் கணக்குப் போடுவது என்று எல்லாம். வகுப்பில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை. இப்போது அச்சகத்திலிருந்து போன் வந்தால் நேராக என்னைத்தான் கேட்கிறார்கள்.

குழந்தை பிறந்த பிறகு இரண்டு வருடம் வேலையைக் குறைத்துக்கொண்டேன். திரும்பத் தயாரானபோது யாரும் கூப்பிடவில்லை. என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து மாதக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புழுங்கினேன். கடைசியில் 11 பேருக்கு எழுதினேன்: வேலை எடுக்கிறேன், மாதத்துக்கு இரண்டு அட்டை முடியும். மூன்று பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர், "நீங்க விட்டுட்டீங்கன்னு நெனச்சோம்" என்று எழுதியிருந்தார்.

போன மாதம், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண் தன் முதல் விலைக் கடிதத்தை அனுப்புமுன் எனக்குக் காட்டினாள். வேலை விவரம், தேதி, தொகை எல்லாம் தெளிவாக இருந்தது. கடைசியில் இரண்டு வரி: "அதிகமாகத் தோன்றினால் குறைத்துக்கொள்ளலாம். தவறாக நினைக்க வேண்டாம்." அந்த இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தால் திமிர் மாதிரி இருக்காதா அக்கா என்று கேட்டாள். இருக்காது என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழித்தாள், அனுப்பினாள்.