மஞ்சள் தண்ணீர், முடிப் பரிசோதனை, அப்பாவின் சட்டை

தண்ணீரிலும் உடம்பிலும் சேரும் உலோகங்கள் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்திலிருந்து. மூடிக் கிடக்கும் குரோமேட் (குரோமிய உப்பு) தொழிற்சாலையின் கழிவுமேடு, தோல் பதனிடும் ஷெட்டுகள் என்று அந்த வட்டாரத்துக்கு இது பழைய கதை. 2006-இல் ஓர் அமெரிக்க அமைப்பு உலகில் மிகவும் மாசுபட்ட 10 இடங்கள் என்று போட்ட பட்டியலிலேயே ராணிப்பேட்டை இருந்தது.

மழைக்காலம் முடிந்தால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் லேசாக மஞ்சளாகிறது. காய்ச்சித்தான் குடிக்கிறோம். போதுமா?

போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத்தில் அது இன்னும் செறிவாகும்.

மஞ்சளுக்கு இரும்பும் காரணமாக இருக்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ராத்திரி முழுக்க ஜன்னலோரம் வையுங்கள். இரும்பு என்றால் காலையில் அடியில் துருப்பிடித்த மாதிரி படிந்திருக்கும். குரோமியத்தின் நச்சு வடிவமான ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்றால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், மஞ்சள் மட்டும் இறங்காது. இது சந்தேகத்தை வளர்க்கத்தான் உதவும், முடிவை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரம். அதைத் தாண்டிய தண்ணீர் பளிங்கு மாதிரியும் இருக்கும் என்பதுதான் தொல்லை.

வழக்கமான குடிநீர்ச் சோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு பார்ப்பார்கள். உலோகங்கள் பெரும்பாலும் இருக்காது. எந்தெந்த உலோகம் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பாட்டிலையும் ஆய்வகத்திலேயே வாங்கி, எடுத்த அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். ரிசல்ட் வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் குரோமியத்தில் பெரும்பகுதியை வெளியேற்றும். ஆனால் வெளியேற்றியது எங்கே போகிறது? பக்கத்தில் வாளி வைத்துப் பிடிக்கிறீர்களே, அந்தத் தண்ணீரில்தான். அதில் அரிசி களையாதீர்கள், கீரைப் பாத்திக்கும் விடாதீர்கள்.

‘ஹெவி மெட்டல் பேக்கேஜ்’ என்று ரத்தம், முடி எல்லாம் சேர்த்து 20 உலோகம் பார்க்கிறார்களாம். குடும்பத்தோடு எடுக்கலாமா?

என்னிடம் இப்படி ஃபைலோடு வருபவர்கள் உண்டு. நாலு இடத்தில் சிவப்பு அம்புக்குறி, அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முடியில் வெளியிலிருந்து ஒட்டிய தூசியும் ஷாம்பும் சேர்ந்து கணக்காகிவிடும். அதை வைத்து மருந்து எழுத முடியாது. எந்த உலோகம், எந்த வழியில் உள்ளே வருகிறது என்று முதலில் யோசியுங்கள். ஈயத்துக்கு ரத்தம், பாதரச ஆவிக்குச் சிறுநீர் என்று பரிசோதனையே மாறும். ஆர்சனிக் பார்ப்பதென்றால் மூன்று, நான்கு நாள் முன்பிருந்தே மீன், இறால், நண்டு சாப்பிடக் கூடாது. இல்லாவிட்டால் மீனிலுள்ள தீங்கில்லாத ஆர்சனிக்கும் சேர்ந்து எண் எகிறும், வீணாகப் பயப்படுவீர்கள்.

கணவர் பழைய பேட்டரி உருக்கும் இடத்தில் வேலை செய்கிறார். மூன்று வயதுப் பையன் அடிக்கடி வயிறு வலி என்கிறான். சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். இந்த வார அஞ்சலில் என்னை உட்கார வைத்த கேள்வி இது. பையனுக்கு ‘பிளட் லெட்’ (ரத்தத்தில் ஈய அளவு) பரிசோதனையும் ஹீமோகுளோபினும் சீக்கிரம் பாருங்கள். விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே எண்ணைக் கூட்டிவிடும், கை ரத்தக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். ஈயத்தில் ‘இதுவரை பரவாயில்லை’ என்று ஓர் அளவு கிடையாது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45-ஐத் தொட்டால் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுக்கும் பேச்சு வரும். இரும்புச் சத்து குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும் என்பதால் ரத்தசோகையைச் சரிசெய்வதும் வைத்தியத்தில் ஒரு பாதி.

மறுபாதி வீட்டு வாசலில். அவர் வந்ததும் பையன் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வான் இல்லையா? அந்த பேண்ட், தலையில் கட்டிய துண்டு, சாப்பாட்டுப் பை, வண்டி சீட் எல்லாவற்றிலும் ஈயத் தூசி இருக்கும். வேலை இடத்திலேயே குளித்து உடை மாற்றி வரட்டும். அந்தத் துணியைத் தனி வாளியில் துவையுங்கள். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம், அவருக்கும் உங்களுக்கும் அதே பரிசோதனை வேண்டும்.

இதே மாதிரி இடத்துக்குப் பக்கத்து வீடு. தாய்ப்பாலை நிறுத்திவிடட்டுமா?

வேண்டாம். தாயின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமை எட்டினால்தான், அது குறையும்வரை பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வோம். அளவைப் பார்க்காமல் நிறுத்தாதீர்கள்.

உடம்பில் சேர்ந்த உலோகத்தை இறக்க ஒருவர் செந்தூரம் தருகிறார். சாப்பிடலாமா?

செந்தூரம் என்பதே உலோகம், தாதுக்களைப் புடமிட்டுச் செய்யும் பொடிதான். என்ன செந்தூரம், யார் செய்தது? லேபிள் இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தருவதை வாங்காதீர்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. குரோமியத்தை இறக்க நிரூபணமான மருந்து அலோபதியிலும் கிடையாது, அதனால் ‘டீடாக்ஸ்’ டிரிப்ஸுக்கும் இதே பதில்தான்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் வேலை பார்த்தவன். இப்போது பாதரசம் பார்த்தால் தெரியுமா?

தெரியாது. அந்த ஆலை 2001-இல் மூடியது. உள்ளே போன பாதரசம் சில மாதங்களிலேயே பெருமளவு வெளியேறிவிடும். அதனால் இன்றைக்கு ‘நார்மல்’ என்று வந்தாலும் அன்றைக்குப் பாதிப்பில்லை என்று அர்த்தமாகாது. அந்தக் காசில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறியச் சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், பி.பி. பாருங்கள். கை நடுக்கம் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதை அவராகக் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.